ஊருக்கு வருகிறாய், வீட்டுக்கு இல்லை

வல்லெட்டா, மால்டா
3 மார்ச் 1996

அன்பு மகள் ஜோர்ஜினாவுக்கு,

அம்மாவின் முத்தங்கள். மெல்போர்னிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. திங்கள் புனித யோவான் பேராலயம், செவ்வாய் பெருந்தலைவர் அரண்மனை, புதன் எல்மோ கோட்டையில் போர் அருங்காட்சியகம், வியாழன் பழைய கற்சிலைகள், வெள்ளி விமானம். எல்லாம் சரி, இதில் அம்மா எந்தக் கிழமை?

தங்குவது எதிர்க்கரை ஸ்லீமா விடுதியிலாமே! அங்கிருந்து பார்த்தால் என் பால்கனியில் காயும் துணி தெரியும். எதிர்வீட்டு செத்தா கேட்டுவிட்டாள்: "என்ன ஜூசா, உம் மக சுற்றுலாவா வர்றா? உன் வீட்டுக்கும் டிக்கெட் போட்டு வை, அப்பவாவது எட்டிப் பாப்பா!" சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

உன் அம்மா,
ஜூசா

மெல்போர்ன்
20 மார்ச் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னோடு பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் வருகிறார்கள், அதனால்தான் விடுதி என்று எழுதலாம். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல.

போன தடவை நான் வந்தபோது சாப்பாட்டு மேசையில் நார்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலேயே எனக்கும் தட்டு. "பழசெல்லாம் மறந்துட்டுச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றீர்கள். நானும் அவரும் பிரிந்து எத்தனை வருடம் அம்மா? பெட்டியைக்கூடத் திறக்காமல் அன்றே கிளம்பினேன்.

அருங்காட்சியகத்தில் என்னை யாரோடும் யாரும் சேர்த்து வைக்க மாட்டார்கள். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே வாருங்கள்.

ஜோர்ஜினா

வல்லெட்டா
2 ஏப்ரல் 1996

மகளே,

நார்டு அப்படி என்ன தப்புச் செய்தான்? குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. இன்றைக்கும் ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து, போட்டதைத் தின்றுவிட்டுப் போகிறான். "ஏண்டி விட்டுட்டு வந்தே?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வாயைத் திறந்தாயா?

சரி, வருகிறேன். இந்த ஊரிலேயே பிறந்தவள், பேராலயம் தவிர வேறெதற்குள்ளும் காலை வைத்ததில்லை. பெற்றவளை முழங்கால் வலியோடு அலைய விடு. நன்றாக இரு.

ஜூசா

வல்லெட்டா
14 மே 1996

அன்பு மகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அரண்மனையில் "இத்தனை கவசத்தையும் யாருடி துடைக்கிறது?" என்று கேட்டேன். நீயும் உன் சிநேகிதிகளும் சிரித்தீர்கள். கோட்டையில், யுத்தத்தில் குண்டு விழுந்த கதையைப் பலகை பார்த்து எனக்கே வாசித்துக் காட்டினாய். "தெரியும்டி, நான் அப்ப சுரங்கத்துக்குள்ளதான் இருந்தேன்" என்றேன். வாசிப்பை நிறுத்தினாயா?

வியாழக்கிழமை கற்சிலை அருங்காட்சியகத்தில் பழுதுபார்ப்பு வேலை என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். "ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்திருக்கேன்!" என்று காவலாளியிடம் கத்தினாய். "நான் தினமும் கோசோ தீவுலேர்ந்து படகேறி வர்றேம்மா, எனக்கே திறக்க மாட்டேங்கிறாங்க" என்றான். உன் சிநேகிதிகள் கடைவீதிக்குப் போனார்கள். நாம் படியில் உட்கார்ந்தோம். பார்க்கப் படமில்லை, வாசிக்கப் பலகையில்லை. அப்போதுதான் சொன்னாய்.

"பேசவே மாட்டாரும்மா. உப்பு கொஞ்சம் கம்மின்னா ஒரு மாசம் பேச்சில்ல. ஒரு தடவை ஈஸ்டர்லேர்ந்து கிறிஸ்மஸ் வரைக்கும். ஒரே மேசைதான், ஒரே கட்டில்தான். நான் செவுத்துக்கிட்டப் பேசிட்டிருந்தேன். அடிச்சிருந்தா காயத்தைக் காட்டியிருப்பேன். இதை எப்படிக் காட்டுறது?"

அமைதியான பையன் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்! அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நேற்றுமுன்தினம் பூசை முடிந்து நார்டு வந்தான். முயல் குழம்பு வாசனை தெருவரைக்கும். வாசலிலேயே நிறுத்தி, "இனிமே உனக்கு இங்க சாப்பாடு கிடையாது" என்றேன்.

"ஏன்? நான் என்ன பண்ணேன்?" என்றான்.

பதில் சொல்லவில்லை. நின்று பார்த்தான். மறுபடி கேட்டான், குரல் உடைந்திருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் கதவைச் சாத்தினேன்.

குழம்பு அப்படியே மீந்துபோய், செத்தாவுக்குக் கொடுத்தேன். அடுத்த தடவை நேரே வீட்டுக்கு வா. மேசையில் நாம் இரண்டு பேர்தான்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா ஜூசா