ஒன்பது வருஷம் தூக்கிய தட்டு

மஸ்கட்

அன்புள்ள பாவாயிக்குக் கரியன் எழுதுவது. இடுப்பு வலி குறைந்ததா? பிள்ளைகள் இருவரும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறார்களா? மலையில் சிக்னல் கிடைக்காததால்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

நான் சமைக்கிற வீட்டில், சென்னையில் அரபி படிக்கும் தருண் என்ற கல்லூரி மாணவன் இரண்டு மாதம் தங்க வந்திருக்கிறான். வீட்டாரோடு பழகினால் பாஷை வருமாம். இங்கே எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வந்த அன்றே அவனுக்கு அதில் இடம். ஒன்பது வருஷமாக அந்தத் தட்டைத் தூக்கி வந்து வைக்கிறவன் நான். நானும் அரபிதான் பேசுகிறேன். ஒரு நாள்கூட என்னை உட்காரச் சொன்னதில்லை.

வயிற்றெரிச்சலில் நேற்று மீனில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினேன். அவனும் தமிழன் என்பது மறந்துவிட்டது. அவன் ருசித்துச் சாப்பிட்டான், முதலாளி குடும்பம்தான் கண்ணீர் விட்டது. முதலாளி என் பக்கம் திரும்புவதற்குள், "நான்தான் காரமாகக் கேட்டேன்" என்று அரபியில் சொன்னான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் அடுப்படிக்கு வந்து, "இன்னாண்ணா, நாளைக்கும் இப்டியே செய்யிறீங்களா?" என்றான். அவன் நல்லவனாக வேறு இருக்கிறான், அதுதான் இன்னும் எரிகிறது.

கள்ளக்குறிச்சி மாதன் லீவு முடிந்து இங்கே வேலைக்குத் திரும்பும்போது கொஞ்சம் சாமை கொடுத்தனுப்பு. தை மாதம் நான் வரும்போது எனக்கு மட்டும் முதலில் சோறு போட்டுவிட்டு நீ அடுப்படியில் நிற்காதே. பெரிய தாம்பாளத்தில் கொட்டு, நாலு பேரும் சுற்றி உட்காரலாம். எப்படி உட்காருவதென்று நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

தட்டு கேட்கிறார்கள், போகிறேன்.

கரியன்