கிராணி ஐயா செய்த பாஷை

12.3.1951
ரேஷன் அரிசி வந்தது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மருமகள் கோமளா எழுதுகிறாள்.
எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி விஜயரட்ணம் ஐயா ஒரு பாஷை செய்கிறார். லத்தீன், போர்த்துக்கீசு, பிரெஞ்சு எல்லாம் ஒரே குடும்பமாம். அவற்றுக்கு இன்னொரு தங்கச்சியை நோட்டில் உண்டாக்குகிறார். மனிதன் வண்டி செய்வான், வீடு கட்டுவான். பாஷையுமா?

20.3.1951
காலையில் நான் ஆபீஸ் கூட்டும்போது ஒரு விதி சொல்வார். சாயங்காலம் கேட்பார். நான் மறந்திருந்தால், கஷ்டமான விதி என்று அதை நோட்டில் அடித்துவிடுவாராம். இன்று: பெயரின் கடைசியில் 'ஸ்' சேர்த்தால் பல. 'காசா' வீடு, 'காசாஸ்' வீடுகள். ஒரே ஓசையில் நம் லயத்து வீடெல்லாம் வரிசையாக எழுந்து நின்றது மாதிரி இருந்தது.

30.4.1951
இதுவரை ஒரு விதியும் அடிபடவில்லை. "உன்னை வச்சுச் சோதிச்சது என்ர பிழை. நீ ஒண்டையும் மறக்கமாட்டாய்" என்று சிரித்தார்.

9.5.1951
எமர்ஜென்சி என்று போலீஸ் செய்த சோதனையில் ஐயாவின் நோட்டைப் பிடித்துவிட்டார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு எழுதின ரகசியமாம். ஐயாவை லாரியில் ஏற்றிப் போனார்கள். தடுப்பு முகாமுக்கு அனுப்பினால் எத்தனை வருஷமோ – நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லணும்.
"உங்களையும் சேர்த்து உள்ள போட்டுருவானுங்க மாமா, சும்மா இருங்கலா" என்கிறாள் கோமளா.

11.5.1951
போனேன். "அது பாஷைதான், எனக்கும் தெரியும்" என்றேன்.
மொழிபெயர்க்கும் தனபாலன், "பெருசு, உனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே" என்றார்.
வெள்ளைக்கார ஆபீசர் என்னையும் ஐயாவையும் தனித்தனி அறையில் வைத்தார். நோட்டிலுள்ள சொற்களைக் கொண்டு, நோட்டில் இல்லாத ஒரு வாக்கியத்தை அந்தப் பாஷையில் இருவரிடமும் கேட்டார்: 'நாளைக்குப் பெண்கள் கடலில் பாடுவார்கள்.' கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் விதிகள் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் நின்றன. சொன்னேன். தனபாலன் அதை எழுதி, ஐயா அடுத்த அறையில் எழுதின காகிதத்தோடு வைத்துப் பார்த்தார். ஓர் ஓசை மாறவில்லை.
உலகத்தில் யாரும் அதுவரை சொல்லாதது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எப்படி ஒன்றாகப் பிறந்தது? இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.
ஐயாவை விட்டுவிட்டார்கள். நோட்டைத் தரவில்லை.

20.5.1951
ஐயா கணக்கு மட்டும் எழுதுகிறார். விதி எதுவும் சொல்லவில்லை.

3.6.1951
ஆபீஸில் இருப்பது ஒரே நாற்காலி. கிராணி முன்னால் கூலிக்காரன் உட்கார்ந்ததே கிடையாது. இன்று ஐயா எழுந்து அதை என் பக்கம் தள்ளினார்.
"இருங்கோ. முதலாம் விதியிலயிருந்து சொல்லுங்கோ."
சொன்னேன். அவர் நின்றபடியே புது நோட்டில் எழுதினார்.