அம்மாவின் எக்ஸ்போர்ட்

ஜூன் 12, வியாழன்

நான் சிரித்திருக்கக் கூடாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு இரண்டு மாதப் பயிற்சி கிடைத்துவிட்டது. நான் படிக்கும் எம்.பி.ஏ., பன்னாட்டு வணிகம் என்றெல்லாம் நீட்டாமல், காலையில், "அம்மா, எக்ஸ்போர்ட்ல என்னை எடுத்துக்கிட்டாங்க" என்று கத்தினேன். "சரி கண்ணு" என்றதோடு அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது.

எங்கள் பர்கூர் பக்கம் எக்ஸ்போர்ட் என்றால் துணி தைக்கும் கம்பெனிதான். அம்மா பன்னிரண்டு வருடமாகப் போவதும் அங்கேதான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம், கம்பெனியிலிருந்து எடுத்து வந்த தன் சின்னத் திண்டுக்குப் புது உறை போட்டு என் முன்னால் வைத்தாள்.

"மிஷின்ல உக்காந்தா இடுப்பு புடிச்சிக்கும் கண்ணு. ஸ்டூல் மேல இத போட்டுக்கோ. இவ்ளோ படிச்சும் நீயும் அங்கயே வரணும்னு இருக்குது, என்ன பண்றது."

நான் சிரித்துவிட்டேன். "ஐயோ அம்மா, தைக்கற வேல இல்ல. கப்பல்ல போற சரக்குக்குப் பேப்பர் எழுதற வேல."

அம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது. "உக்காந்துதான எழுதுவ?"

"ஆமா."

"அப்ப வச்சிக்கோ."

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். திண்டு நடுவில் குழிந்து கிடக்கிறது. இத்தனை வருடத்தில் இடுப்பு வலி என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

நாளைக்கு அவள் எதைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்? அதை நான் கேட்கவே இல்லை.