மூலக்குளத்துக்குப் போன மண்

14 மார்ச் 2006, செவ்வாய்

தட்டாஞ்சாவடியில் பழைய முலாம் பூசும் பட்டறை இருந்த மனையில் இன்றும் மண் அள்ளினோம். அங்கே அடுக்குமாடி வருகிறது. குரோமிய நஞ்சு ஊறிய மேல்மண் முழுக்க அகற்றப்பட வேண்டும் என்று பரிசோதித்து எழுதிக் கொடுத்தவன் நான்.

சாயங்காலம் லாரி டிரைவர் செல்வம் தானாக வந்து கேட்டார்.

"சார், மூலக்குளத்துல உங்க கொல்லை பள்ளமா கெடக்குதே, ரெண்டு லோடு அடிச்சிடட்டா? நேத்து உங்க எதிர்வீட்டுக்கு அடிக்கும்போதுதான் பாத்தேன்."

இது கழிவுக் கிடங்குக்கல்லவா போக வேண்டும் என்றேன்.

"அவ்ளோ தூரம் யாரு சார் போறது? கேக்கறவங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு கான்ட்ராக்டர்."

லாரியை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் புது மண்ணில் கீரை விதைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் குழாயை மூடினார்.

"தெருவுல இன்னும் நாலு வீட்டுக்கு நான்தான் சார் சொல்லி வாங்கிக் குடுத்தேன், நல்ல மண்ணுன்னு."

காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போய் அந்த நாலு கதவையும் தட்டுவதாகப் பேச்சு. அங்கே என்ன சொல்வதென்று எழுதிப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். இதுதான் வந்திருக்கிறது.