மூன்று நிமிடத்துக்குள் டெல்னா

ஜூலை 5, புதன்

ஏழாம் வகுப்பில் மின்கதை வேலை இன்று ஆரம்பம். ஆளுக்கு ஆறு படம், சொந்தக் குரலில் ஒரு கதை, மூன்று நிமிடம். அதில் ஒன்று மாவட்டப் போட்டிக்குப் போகும். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு லேப்டாப். ஒன்றில் 'க' விழாது.

தலைமையாசிரியர் சுகதன் மாஷ் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "ஸ்மிஜா டீச்சரே, போன வருஷம் மாதிரி எல்லாரும் யானையும் காயலுமா எடுத்துட்டு வந்து நிக்காம பாத்துக்கோங்க."

எல்லோரும் ஏதாவது கேட்டார்கள், டெல்னாவைத் தவிர. திக்குவாய். தன் பெயரைச் சொல்வதற்கே 'டெ'யில் நின்று தவிப்பாள். மூன்று வருடமாக வகுப்பில் நான் அவளிடம் கேள்வி கேட்பதில்லை. அதைக் கருணை என்றுதான் நினைத்திருக்கிறேன்.

ஜூலை 10, திங்கள்

விடாத மழை. ஓட்டில் விழும் சத்தத்தைத் தவிர எதுவும் பதிவாகவில்லை. வகுப்புத் தலைவன் ஆதில்தான் வழி கண்டுபிடித்தான். மதியச் சாப்பாட்டு அரிசி வைக்கும் அறை. மேலே கான்கிரீட், சுற்றிலும் சாக்கு. "டீச்சர், இங்க பேசினா ரேடியோக்காரன் மாதிரி இருக்கு!" இனி அதுதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்.

ஜூலை 12, புதன்

டெல்னா படங்கள் கொண்டுவந்தாள். ஆறும் அவள் அம்மாவின் கைகள். அம்மா ஃபிலோ காயல் கரையில், அரூர்ப் பக்கம், செம்மீன் என்கிற இறாலை உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறாள். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். நுனியில் ரேகையே இல்லை, மழுங்கிப்போயிருக்கிறது. கடைசிப் படத்தில் ரேஷன் கடையின் ரேகை மிஷின்மேல் அந்த விரல்.

கீழே எழுதியிருந்தாள்: "அம்மாவின் விரலை மிஷின் நம்பவில்லை. என் விரலை நம்பியது."

இருபது வருடமாகக் கட்டுரை திருத்துகிறேன். இப்படி ஒரு வரி வந்ததில்லை.

ஜூலை 14, வெள்ளி

அரிசி அறையில் அவளைத் தனியாக விட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே வந்தபோது அவள் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பதிவு ஐந்து நிமிடம் இருபது நொடி.

ஜூலை 15, சனி

காலையிலிருந்து லேப்டாப்பில்தான். திரையில் குரல் அலையலையாகத் தெரிகிறது. நடுவில் தட்டையாக நீளும் கோடுகள், அவள் வார்த்தைக்காகத் தவிக்கும் இடங்கள். ஒவ்வொன்றாக வெட்டினேன். 'அ... அ... அம்மா' வெறும் 'அம்மா' ஆயிற்று. இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. திக்கல் இருந்த சுவடே இல்லை.

மாஷுக்கு அனுப்பினேன். "இது ஜெயிக்கும்" என்றார். மதியம் மீன்குழம்பு ருசியாக இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

டெல்னாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். இயர்போனைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றி மேசைமேல் வைத்தாள்.

"இ... இது யாரு?"

"நீதான்."

"நா... நான் இல்ல."

சாயங்காலம் ஃபிலோ வந்தாள். ஷெட்டுத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தானும் கேட்க வேண்டும் என்றாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சரே. நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மோளு என்னைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நான் திரும்பிடுவேன். இதுல நான் திரும்புறதுக்குள்ள கூப்பிட்டு முடிச்சிடுது. வேற யார் வீட்டுப் பிள்ளையோ கூப்பிடுற மாதிரி இருக்கு."

"மூணு நிமிஷம்தான் விதி, ஃபிலோ" என்றேன்.

அவள் போனபிறகு கோபம் வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காந்தேனே. எல்லாரும் சிரிப்பாங்களேன்னுதானே வெட்டினேன்? யார் சிரிப்பாங்க? அவளோட படிக்கிறவங்க இதுவரைக்கும் சிரிச்சதில்லையே. அப்போ வெக்கம் யாருக்கு — எனக்கா?

ஜூலை 19, புதன்

"போட்டி முடியட்டும், அப்பறம் அந்தப் பொண்ணை சமாதானப்படுத்திக்கலாம்" என்கிறார் மாஷ். முடியாது என்றேன்.

ஜூலை 20, வியாழன்

அரிசி அறையில் டெல்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சாக்கிலிருந்து சிந்திய அரிசியைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வெட்டாத பதிவைத் திறந்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று மட்டும் காட்டினேன்.

திக்கலில் அவள் கைவைக்கவில்லை. வாக்கியங்களை வெட்டினாள். முப்பத்தொரு வாக்கியத்தில் ஒன்றொன்றாகப் போயிற்று. செம்மீன் ஓட்டின் வாசனையைப் பற்றிய வாக்கியம் போனபோது தாங்கவில்லை. "அதை விடேன், அழகா இருக்கே" என்று கெஞ்சினேன்.

"அ... அது டீச்சர் சொ... சொல்லிக் குடுத்தது."

உண்மைதான். பதிவுக்கு முன் ஒத்திகையில் ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றாளே என்று அந்த வாக்கியத்தையே நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

மிஞ்சியது பதினேழு வாக்கியம். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. விதிக்குள்தான்.

ஜூலை 24, திங்கள்

கடைசி நாள். அனுப்பியாயிற்று. மாஷ் பதிவை ஒருமுறை கேட்டார். மறுபடி ஒருமுறை கேட்டார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பரிசு இல்லை. நடுவர் குறிப்பு: 'கதை நன்று. உச்சறிப்பில் கவனம் தேவை.' டெல்னாவிடம் மறைக்கப் பார்த்தேன். கையை நீட்டிக்கொண்டே நின்றாள், கொடுத்துவிட்டேன். படித்தாள். "உ... உச்சரிப்புன்னு எழுதினதுலயே பி... பிழை இருக்கு டீச்சர்." பார்த்தேன். இருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவளே கேட்டுக்கொண்டதால் கடைசி பீரியடில் வகுப்புக்குத் திரையிட்டோம். முடிந்ததும் ஆதில் எழுந்தான். "அப்பறம் ரேஷன்கடைக்காரன் அரிசி குடுத்தானா இல்லையா?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

"கு... கு... குடுத்தான். ஆ... ஆனா மண்ணெண்ணெய் தரல."

அதன்பிறகு ஆளாளுக்கு அவளிடம் கேள்வி. ஐஸ் எரியுமா, விரலில் முள் குத்துமா, ரேகை இல்லாம உங்கம்மா போனை எப்படித் திறப்பாங்க. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

ஓண லீவுக்குப் பிறகு வகுப்பே சந்தைக்கடையாக இருக்கிறது. மாஷ் கூப்பிட்டார் என்று பத்து நிமிடம் போய்த் திரும்பினால், கரும்பலகையில் ஆதில் கையெழுத்தில் 'பேசியவர்கள்' பட்டியல். முதல் பெயர் டெல்னா. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி.

"மூணு தடவ சொன்னேன் டீச்சர், நிறுத்தவே மாட்டேங்கறா!"

டெல்னா விருட்டென்று எழுந்தாள். "பொ... பொய் டீச்சர்! ரெ... ரெண்டு தடவதான் சொன்னான்!"

மற்ற பிள்ளைகளைத் திட்டுவதைப் போலவே அவளையும் திட்டி உட்காரச் சொன்னேன். பலகையை நான் அழிக்கவில்லை. அடுத்த பீரியடுக்கு வந்த கணக்கு டீச்சர் அழித்திருப்பார்.