கதவு பூட்டவில்லை என்றேன்

செவ்வாய், இரவு.

இன்று கோர்ட்டில் பொய் சொன்னேன்.

எதிர்வீட்டு முருகேசன் தன் ஆறு வயது மகள் திவ்யாவைச் சாயப்பட்டறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் குடிக்கப் போனான். கொதிக்கும் சாயம் அவள் காலில் கொட்டியது. பூட்டை உடைத்து அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். போலீசில் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

நேற்று திவ்யாவின் அம்மா கலா வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு உள்ள போயிட்டா நானும் புள்ளையும் எங்க போவோம்க்கா? கதவு பூட்டவே இல்ல, புள்ளதான் தானா உள்ள போச்சுன்னு சொல்லிடுக்கா."

அப்படியே சொன்னேன். அரசு வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி என்றார். நேரில் பார்த்த பெரியவர்கள் வேறு யாரும் இல்லை. அடுத்த வாய்தாவில் விடுதலைதான் என்று முருகேசனின் வக்கீல் வராந்தாவிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே திவ்யா என் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, கதவு பூட்டிதான இருந்துச்சு? நீங்கதான கல்லால ஒடச்சி என்னத் தூக்கிக்கினு ஓடுனீங்க?"

முருகேசன் பக்கத்தில்தான் நின்றான். பூட்டவில்லை என்று அவளிடமும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.