மொறிஸ் மைனர் விற்பனைக்கு இல்லை

டோரின் அக்கா,

ஐந்தரைக்கு எழும்பினேன், பாண் வெட்டினேன், பழக்கத்தில் இரண்டு தேத்தண்ணீர் ஊற்றினேன். ஒன்றை உங்களுக்கு மூடி வைத்திருக்கிறேன்.

நீங்கள் வரச்சொன்ன இஸ்ஸதீன் பத்து மணிக்குக் கார் பார்க்க வருவார். பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கார்த் திறப்பு என்னிடம். நான் பதினேழு வயதில் ஓட்டிய காரைப் போலவே கூரையை வெட்டி, சைலென்சரைக் கழற்றிச் செய்த கார் அது. சத்தத்துக்குக் காலி வீதியில் சென்றி நிற்கிற ஆமிக்காரன் வெடியென்று குப்புறப் படுக்கிறான் என்றால், உங்களைவிட அவனுக்கு அதில் மரியாதை இருக்கிறது.

காரை விற்பதுதான் உங்கள் தங்கை பிறிஜெற்றின் கடைசி ஆசை என்று செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னீர்கள். அவள் கண் மூடிய நேரம் நீங்கள் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் இருந்தீர்கள்.

பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குக் கார்ச் சாமான் வாங்கப் போகிறேன்.

கிளெமென்ற்

பி.கு.: என் மனுசி பிறிஜெற் உண்மையில் கடைசியாகச் சொன்னது: "இஞ்சேருங்கோ, முதல்ல அந்த ஹோர்னை மாத்துங்கோ. ஆடு கத்துற மாதிரிக் கிடக்கு."